பிட்ஸ்பர்க்கா, கொலம்பஸா? ஊர்ப் பெயரை விட்டு முகவரியைப் பாருங்கள்

கேள்வி. மார்ச் 1, 2026

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் (பென்சில்வேனியா மாநிலம்), கொலம்பஸ் (ஒஹாயோ மாநிலம்) இரண்டு ஊரிலிருந்தும் வேலை வந்திருக்கிறது. இரண்டு அலுவலகமும் நகருக்குள்ளேதான், வாரம் மூன்று நாள் போகவேண்டும். சம்பளம் இரண்டிலும் ஒரு லட்சம் டாலரை ஒட்டி. மகளுக்கு நான்கு வயது. அப்பாவும் அம்மாவும் வருடத்தில் ஐந்து மாதம் எங்களோடு இருப்பார்கள். முதல் வருடம் வாடகை, பிறகு சொந்த வீடு என்று நினைப்பு. கொலம்பஸ் வளர்கிற ஊர், செலவும் குறைவு, பிட்ஸ்பர்க் ஓய்ந்துபோன இரும்பு ஊர் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். சரிதானா?

மார்ச் 1, இரவு

வளர்கிற ஊர் என்பது சரி. செலவு குறைவு என்பது பழைய பேச்சு. இன்றைக்கு ஒரே அளவு வீட்டுக்குப் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில்தான் விலை குறைவு. கொலம்பஸுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது, வீடு கட்டும் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் 1950இல் 6,76,806 பேர் வாழ்ந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 3,02,971. அத்தனை பேருக்காகக் கட்டிய தெருக்களும் பூங்காக்களும் நூலகங்களும் அப்படியே நிற்கின்றன, வாழ்வது பாதிக்கும் குறைவான பேர்.

கொலம்பஸ் 9,05,748 என்று பார்த்ததும் மூன்று மடங்கு பெரிய ஊர் என்று தோன்றும். அப்படி இல்லை. பிட்ஸ்பர்க்கின் பரப்பு 58 சதுர மைல், கொலம்பஸ் 220 சதுர மைலுக்கு மேல். 1950களில் கொலம்பஸ் நகராட்சி ஒரு நிபந்தனை வைத்தது: குடிநீரும் சாக்கடையும் வேண்டுமா, ஊரோடு இணையுங்கள். அக்கம்பக்கத்து நிலமெல்லாம் உள்ளே வந்தது. பிட்ஸ்பர்க்கைச் சுற்றியிருந்த ஊர்கள் இணைய மறுத்தன. பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகனி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் 130 தனித்தனி உள்ளாட்சிகள், 43 பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தி, அதற்கு வரியும் வாங்கும் தனி எல்லைகள்). புறநகரையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் இருபது லட்சத்தைத் தாண்டிய வட்டாரங்கள், பிட்ஸ்பர்க்தான் கொஞ்சம் பெரியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வரி, பள்ளி, சாக்கடை, வீட்டு மதிப்பீடு எல்லாமே இந்த எல்லைக்கோடுகள் போகிற போக்கில்தான் போகின்றன.

மார்ச் 2

வரி. ஒரு லட்சம் சம்பளத்துக்குக் கணக்கு போடுவோம்.

பிட்ஸ்பர்க் நகருக்குள் குடியிருந்தால்: பென்சில்வேனியா மாநில வரி 3.07 விழுக்காடு, அதாவது 3,070 டாலர். நகரத்துக்கு 1, பள்ளிக்கு 2, சேர்த்து 3 விழுக்காடு, 3,000 டாலர். வேலை செய்யும் இடத்துக்கு வருடம் 52 டாலர். மொத்தம் 6,122.

கொலம்பஸ் நகருக்குள்: ஒஹாயோவில் 2026 முதல் 26,050 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு ஒரே விகிதம், 2.75 விழுக்காடு. ஏறத்தாழ 2,300 வரும். நகர வரி 2.5 விழுக்காடு, 2,500. மொத்தம் 4,800 சுமார்.

ஆக நகருக்குள் என்றால் கொலம்பஸில் 1,300 டாலர் மிச்சம். புறநகருக்குப் போய்விட்டால் இரண்டு பக்கமும் நகர வரி இறங்கிவிடும்.

விற்பனை வரியில் வேறுபாடு சிறியது. அலெகனி கவுண்டி 7 விழுக்காடு. கொலம்பஸ் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுண்டி 2025 ஏப்ரலிலிருந்து 8, பேருந்துத் திட்டத்துக்காக அரை விழுக்காடு ஏற்றினார்கள். பென்சில்வேனியாவில் சாதாரண உடுப்புக்கு விற்பனை வரி கிடையாது. வளர்கிற குழந்தை உள்ள வீட்டுக்கு அது தெரியும்.

மார்ச் 2, சற்று நேரம் கழித்து

மேலே எழுதிய புறநகர்க் கணக்கு தவறு. திருத்துகிறேன். இந்தப் பிழையை நம்பி வீடு பிடிப்பவர்கள் நிறைய.

பென்சில்வேனியாவில் சம்பள வரி நீங்கள் தூங்கும் ஊருக்குப் போகிறது. பெரும்பாலான புறநகரில் 1 விழுக்காடு, மவுண்ட் லெபனனில் 1.3. பிட்ஸ்பர்க் நகருக்குள் வேலை பார்த்தாலும் அவ்வளவுதான். எனவே புறநகரில் மொத்தம் 4,122 டாலர். கோட்டைத் தாண்டியதும் 2,000 மிச்சம்.

ஒஹாயோவில் வரி முதலில் நீங்கள் உழைக்கும் ஊருக்கு. டப்ளின் என்கிற புறநகரில் குடியிருந்து கொலம்பஸ் நகருக்குள் வேலை பார்த்தால் கொலம்பஸுக்கு 2.5 கட்டியாக வேண்டும். டப்ளினுக்குத் தர வேண்டிய 2 விழுக்காட்டுக்கு முழுக் கழிவு கிடைக்கும், ஆனால் அதிகமாகப் போன அரை விழுக்காடு திரும்பாது. சில ஊர்கள் முழுக் கழிவும் தருவதில்லை. அங்கே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகும்.

நீங்கள் வாரம் மூன்று நாள்தான் அலுவலகம் போகிறீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாளுக்கான வரி குடியிருக்கும் ஊருக்கு உரியது. பல நிறுவனங்கள் எல்லா நாளுக்கும் கொலம்பஸ் வரியே பிடித்துவிடும். வருட முடிவில் எந்தெந்த நாள் எங்கே இருந்தீர்கள் என்ற பட்டியலோடு, மேலாளர் கையெழுத்தும் வாங்கி, நகர வரி அலுவலகத்தில் திரும்பக் கேட்க வேண்டும். ஜனவரி முதல் நாளிலிருந்தே குறித்துவையுங்கள், டிசம்பரில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதவே முடியாது.

ஒஹாயோவில் இன்னொரு கண்ணி: சில பள்ளி மாவட்டங்களுக்குத் தனி வருமான வரி உண்டு. பெக்ஸ்லியில் 0.75, பிக்கரிங்டனில் 1 விழுக்காடு. நகர வரிக்குத் தரும் கழிவு இதற்குக் கிடையாது. வீட்டு விலை மட்டும் பார்த்துப் பிக்கரிங்டன் மலிவு என்று போகிறவர்கள் இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் வழியே போடும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கேயில் போடும் பணத்துக்குப் பென்சில்வேனியா அந்த வருடமே வரி வாங்கிவிடும், ஓய்வுக்குப் பின் எடுக்கும்போது வாங்காது. ஒஹாயோ மாநில வரியில் இது நேர்மாறு. இருபதாயிரம் போட்டால் பென்சில்வேனியாவில் 614 டாலர் உடனே போகும். ஐந்து வருடத்தில் வேறு மாநிலம் போகிற யோசனை இருந்தால் இது நட்டம். அங்கேயே ஓய்வு பெறுவதாக இருந்தால் லாபம்.

மார்ச் 4

வீட்டு வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வருடமும் வலிக்கப்போவது அதுதான்.

அலெகனி கவுண்டி 2012 மதிப்பீட்டிலேயே நிற்கிறது. மறுமதிப்பீடு நடக்கவில்லை. அதனால் இருபது வருடமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பழைய மதிப்புக்கே கட்டுவார். நீங்கள் வாங்கியதும் விற்பனை விலை பதிவாகும், அதைக் காட்டிப் பள்ளி மாவட்டம் மேல்முறையீடு செய்யலாம். புதுக்குடி வரி என்று அங்கே இதைத் திட்டுவார்கள். வாங்கிய விலையில் எத்தனை விழுக்காட்டை மதிப்பாக வைக்கலாம் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. 2022இல் நீதிமன்ற உத்தரவால் அது 63.53 விழுக்காட்டுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. ஆகவே முன்பிருந்த அளவுக்குப் பயம் இல்லை. ஆனாலும் விளம்பரத்தில் காட்டும் வரி நீங்கள் கட்டப்போகும் வரி என்று நம்பாதீர்கள். வாங்கும் விலையை அந்த வருட விகிதத்தால் பெருக்கி, அந்த ஊரின் மில் விகிதங்கள், அதாவது ஆயிரம் டாலர் மதிப்புக்கு எத்தனை டாலர் வரி என்பது, மூன்றையும் (கவுண்டி, ஊர், பள்ளி) கூட்டிப் பெருக்கிப் பாருங்கள். கவுண்டி விகிதம் மட்டும் 2025இல் 4.73இலிருந்து 6.43 ஆனது.

பத்திரச் செலவும் சேரும். பிட்ஸ்பர்க் நகருக்குள் வீடு கைமாறும்போது விலையில் 5 விழுக்காடு மாற்ற வரி, பெரும்பாலான புறநகரில் 2. வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி. நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு உங்கள் பங்கு நகருக்குள் 10,000, வெளியே 4,000.

கொலம்பஸ் பக்கம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை முழு மறுமதிப்பீடு, நடுவில் மூன்றாவது வருடம் ஒரு திருத்தம். 2023 மறுமதிப்பீட்டில் ஃபிராங்க்ளின் கவுண்டி வீடுகளின் மதிப்பு சராசரியாக 41 விழுக்காடு ஏறியது. வரி அதே அளவு ஏறவில்லை, 1976இலிருந்தே அதற்கு ஒரு கடிவாளச் சட்டம் இருக்கிறது. அடுத்த திருத்தம் இந்த வருடம், 2027 ஜனவரி பில்லில் தெரியும். மதிப்பு மிகை என்று தோன்றினால் மார்ச் 31க்குள் முறையிட வேண்டும். 2022 சட்டத்துக்குப் பிறகு பள்ளி மாவட்டம் நினைத்தபடி வீட்டுக்காரர் மேல் முறையிட முடியாது. விற்பனை விலை மதிப்பீட்டைவிடக் குறைந்தது 10 விழுக்காடும், ஐந்து லட்சம் டாலரும் கூடுதலாக இருந்தால்தான் முடியும். சாதாரண வீடு அதில் சிக்காது. புதிதாக வருபவரை ஒஹாயோ இந்த ஒரு விஷயத்தில் நியாயமாக நடத்துகிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 4, கொலம்பஸிலிருந்து ஒருவர்

ஒன்று சேர்க்கிறேன். புதுக் குடியிருப்புகளில் நியூ கம்யூனிட்டி சார்ஜ் என்று தனியாக ஒரு கட்டணம் இருக்கும். சாலை, சாக்கடை போட்ட கடனை வீட்டுக்காரர்களிடம் வசூலிப்பது. வீட்டு வரி பில்லோடு வரும், விளம்பரத்தில் வராது. கட்டுநர் விற்பனையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டு நிறுத்தாதீர்கள். வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வரிச்சலுகை உள்ள வீடு என்றால் எந்த வருடம் முடிகிறது என்றும் கேளுங்கள். பதினைந்து வருடச் சலுகையில் பதின்மூன்று போயிருக்கும்.

மார்ச் 5

நன்றி, அதை நான் விட்டுவிட்டேன்.

பள்ளி விஷயத்திலும் கொலம்பஸில் ஒரு விசித்திரம். 1986இல் நகரமும் சுற்றியிருந்த பள்ளி மாவட்டங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன: நகரம் விரியலாம், பள்ளி எல்லை கூடவே விரியாது. அதனால் கொலம்பஸ் முகவரியில் இருந்துகொண்டே டப்ளின், ஹில்லியர்ட், வொர்திங்டன், ஒலன்டாங்கி பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போகும் தெருக்கள் உண்டு. வீடு நகரத்தில், பள்ளி புறநகரில், விலை பெயர்பெற்ற புறநகரைவிடச் சற்றுக் குறைவு. அஞ்சல் முகவரியை நம்பாமல் வீட்டு மதிப்பைப் பதியும் கவுண்டி ஆடிட்டர் அலுவலகத் தளத்தில் மனை எண்ணைப் போட்டுப் பள்ளி மாவட்டத்தைப் பாருங்கள். ஒரே தெருவின் இரு பக்கம் இரண்டு மாவட்டமாக இருக்கும்.

பிட்ஸ்பர்க்கில் பெயர்பெற்ற பள்ளிகள் என்றால் மவுண்ட் லெபனன், அப்பர் செயின்ட் கிளேர், நார்த் அலெகனி, ஃபாக்ஸ் சேப்பல். மவுண்ட் லெபனனில் குழந்தைகள் நடந்தே பள்ளிக்குப் போகலாம், ரயிலும் உண்டு. மற்ற மூன்றும் கார் ஊர்கள்.

மார்ச் 7

அப்பா அம்மாவைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்களா, வெளியே இறங்கி நடப்பார்களா? எனக்கு இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

பிட்ஸ்பர்க்கில் ஸ்குவிரல் ஹில். மர்ரி அவென்யூவும் ஃபோர்ப்ஸ் அவென்யூவும் சேரும் இடத்தைச் சுற்றிக் கடை, மருந்தகம், நூலகம், 61 எண் வரிசைப் பேருந்துகள். இந்தப் பக்கம் ஷென்லி பூங்கா, அந்தப் பக்கம் ஃபிரிக் பூங்கா. கார் ஓட்டாதவர் தாமாகவே ஒரு நாளைக் கழிக்கலாம். தெருவைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம், இரண்டு தெரு தள்ளினால் செங்குத்து ஏற்றம். வரைபடத்தில் அரை மைல் என்று காட்டுவது படிக்கட்டாக இருக்கும், அந்த ஊரில் எண்ணூறு போல் பொதுப் படிக்கட்டுகள் உண்டு. பீச்வியூவில் கேன்டன் அவென்யூவின் சரிவு 37 விழுக்காடு.

கொலம்பஸ் தரை மட்டம். முழங்கால் வலிக்கு நல்லது. ஆனால் டப்ளின், பவல் பக்கம் குடியிருப்புக்குள் மட்டும் நடைபாதை இருக்கும். கடைக்குப் போக ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். வயதானவர் நடக்க கிளின்டன்வில் நல்ல இடம், பார்க் ஆஃப் ரோசஸ் பூங்காவும் ஒலன்டாங்கி ஆற்றோரப் பாதையும் பக்கத்தில். அங்கே பள்ளி கொலம்பஸ் நகர மாவட்டம், அதை நீங்களே போய்ப் பார்த்து முடிவெடுங்கள்.

பேருந்து, ரயில்: பிட்ஸ்பர்க்கில் ‘டி’ என்கிற ரயில் தெற்குப் புறநகரிலிருந்து நகர மையம் வரும், மையத்துக்குள் கட்டணம் இல்லை. கிழக்கே பேருந்துக்கு மட்டுமான சாலை 1983இலிருந்து ஓடுகிறது. நெரிசல் நேரத்தில் காரைவிட வேகம். ஆனால் 2025இல் 35 விழுக்காடு சேவையைக் குறைக்கும் திட்டம் வந்து, மூலதன நிதியை எடுத்து ஓட்டிக்கொள்ள மாநிலம் அனுமதித்ததால்தான் தள்ளிப்போனது. பிரச்சினை தீரவில்லை. கொலம்பஸுக்கு 1979க்குப் பிறகு பயணி ரயிலே வரவில்லை. வாக்களித்து வரி ஏற்றியிருக்கும் விரைவுப் பேருந்துத் தடங்கள் இனிமேல்தான்.

கோயில்: பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில் 1970களில் எழுந்தது, அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அங்கே கிடைக்கும் புளியோதரைக்காகவே வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொலம்பஸில் பவல் பக்கம் பாரதிய இந்துக் கோயில். இரண்டுக்கும் கார் வேண்டும்.

மார்ச் 8

கேட்டவர் தனியே எழுதியது: “அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.”

அப்படியானால் நேற்று ஸ்குவிரல் ஹில்லை இவ்வளவு தூக்கிச் சொன்னதை ஒரு படி இறக்குகிறேன்.

பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, மொனோங்ககீலா ஆற்றங்கரையில் கிளேர்ட்டன் கோக் ஆலை (நிலக்கரியைச் சுட்டு எஃகு ஆலைக்கு எரிபொருள் செய்வது) இன்னும் ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 11இல் அங்கே நடந்த வெடிப்பில் இருவர் இறந்தார்கள். குளிர்ந்த, காற்றில்லாத இரவுகளில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிந்து, புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிடும். விடிகாலையில் அழுகிய முட்டை வாடை நகரின் கிழக்குப் பகுதிவரை வரும். வெயில் ஏறி பத்து மணி வாக்கில் கலையும். ஆலைக்கு அருகில் உள்ள ஊர்கள்தான் அதிகம் படுகின்றன. வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள புறநகர்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வாடகைக்கு முன் ஸ்மெல் பிட்ஸ்பர்க் செயலியில் அந்தப் பகுதியின் பழைய புகார்களை மாதவாரியாகப் பாருங்கள், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்தது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கூர்ந்து பாருங்கள். பெற்றோர் கோடையில் மட்டும் வருவதானால் பாதிப்பு குறையும். வீட்டில் காற்றுக் குழாய் வழியே சூடேற்றும் ஃபர்னஸ் இருந்தால் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி போடலாம். ரேடியேட்டர் வீட்டில் அந்த வழியே இல்லை, அறைக்கு அறை தனிக் கருவி வாங்க வேண்டும். ஸ்குவிரல் ஹில்லின் பழைய வீடுகள் பலவற்றில் ரேடியேட்டர்தான்.

மருத்துவம்: பிட்ஸ்பர்க்கில் யுபிஎம்சி, ஹைமார்க் (அதன் மருத்துவமனைகளுக்கு அலெகனி ஹெல்த் நெட்வொர்க் என்று பெயர்) என்று இரண்டு பெரும் அணிகள். இரண்டும் காப்பீடும் விற்கின்றன, மருத்துவமனையும் நடத்துகின்றன. உங்கள் நிறுவனம் எந்தக் காப்பீடு தருகிறதோ அதன்படி குழந்தை மருத்துவரைத் தேடுங்கள், மருத்துவரை முதலில் பிடித்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

மார்ச் 11

வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிட்ஸ்பர்க்கில் இதைத்தான் நான் முதல் கேள்வியாக வைப்பேன்.

சரிவான மண், அடியில் நீர் பட்டால் குழையும் செங்களிப்பாறை. மண் சரிந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு பைசா தராது. பின்பக்கத் தடுப்புச் சுவரில் வயிறு தள்ளியிருந்தாலோ, நீர் வடியும் துளைகள் அடைந்திருந்தாலோ, வேலிக்கம்பங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ அந்த வீட்டை விடுங்கள். சுவரைத் திரும்பக் கட்டுவது பத்தாயிரங்களில் போகும். பல பகுதிகளுக்குக் கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதற்கு மாநிலமே தனிக் காப்பீடு விற்கிறது, விலை குறைவுதான், வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

சாக்கடைக் குழாய் பொதுக்குழாயைத் தொடும் இடம்வரை வீட்டுக்காரர் பொறுப்பு. நூறு வருட வீட்டில் அது சுட்டமண் குழாய், இணைப்புகளில் மரவேர் புகுந்திருக்கும். சில நூறு டாலருக்குக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். தெருவைத் தோண்ட நேர்ந்தால் செலவு வேறு கணக்கு. விற்பனைக்கு முன் பெரும்பாலான ஊர்களில் சாயச் சோதனை கட்டாயம்: கூரை நீர்க்குழாயில் சாயம் ஊற்றி, அது கழிவுக் குழாயில் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் மழைநீர் தவறான இடத்துக்குப் போகிறது, வீடு கைமாறும் நாளுக்கு (க்ளோசிங்) முன் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு விற்பவருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

1978க்கு முந்தைய வீட்டில் ஈயச் சாயம் இருக்கலாம். நான்கு வயதுக் குழந்தை இருக்கும்போது சன்னல் சட்டங்களின் உரசும் ஓரங்களை முதலில் பாருங்கள். ஈயக் குடிநீர்க் குழாய் மாற்றப்பட்டதா என்பதை நகரக் குடிநீர் நிறுவனத்தின் வரைபடம் காட்டும்.

கொலம்பஸில் இவ்வளவு இல்லை. களிமண் தரை, மழை நீர் மெதுவாகவே இறங்கும், எனவே பேஸ்மென்ட்டில் சேரும் நீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப்தான் உயிர். இடிமழையில் மின்சாரம் போகும், பம்ப் நிற்கும், அப்போதுதான் தண்ணீர் வரும். பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வைத்த வீடா என்று கேளுங்கள்.

மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ரேடான் என்கிற கதிரியக்க வாயு இரண்டு ஊரிலும் உண்டு. 48 மணி நேரம் வீட்டை மூடிவைத்து அளக்க வேண்டும். லிட்டருக்கு 4 பிக்கோகியூரியைத் தாண்டினால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றலாம். அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 12

கார் விஷயம், சுருக்கமாக. பென்சில்வேனியாவில் வருடாவருடம் பாதுகாப்புச் சோதனை, அலெகனி கவுண்டியில் புகைச் சோதனையும். கொலம்பஸில் இரண்டும் கிடையாது. கொலம்பஸில் பழைய கார் வாங்கிப் பிட்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோனால் கதவுக்குக் கீழே துரு ஓட்டை என்று நிறுத்திவிடுவார்கள். அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பனி பிட்ஸ்பர்க்கில் வருடம் 44 அங்குலம் போல், கொலம்பஸில் 28. அளவைவிட மேடுதான் தொல்லை, சரிவான டிரைவ்வே உள்ள வீட்டுக்குக் குளிர்கால டயர் வாங்கும் காசையும் ஒதுக்குங்கள். சுரங்கப்பாதையைத் தாண்டி வேலைக்குப் போகிற மாதிரி வீடு பார்க்காதீர்கள். ஸ்குவிரல் ஹில் சுரங்கம் எந்தத் தடையும் இல்லாமலே வாசலில் ஊர்ந்து நிற்கும்.

மார்ச் 15

“கடைசியில் எது?” என்கிறீர்கள்.

மனைவியும் வேலை தேடுவதானால் கொலம்பஸ். காப்பீடு, வங்கி, மருந்து விநியோகம், பல்கலைக்கழகம், ஹோண்டா என்று துறைகள் பலவாக இருக்கின்றன. இன்டெல் ஆலையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் அறிவித்தார்கள், முதல் ஆலை இப்போது 2030, 2031 என்று தள்ளிப்போயிருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் மருத்துவமும் பல்கலைக்கழகமும் ரோபோ, மென்பொருளும் வலுவானவை, அதற்கு வெளியே தேர்வு குறுகும்.

ஒரு சம்பளம் போதும், பெற்றோர் வருகைதான் முக்கியம் என்றால், ஆஸ்துமாவையும் வைத்துக்கொண்டு, மவுண்ட் லெபனனில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள். ஆனால் அதுவும் தெற்குப் பக்கம்தான், கிளேர்ட்டன் காற்று சில நாள் எட்டும். ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டு வீடு வாங்குங்கள்.

மார்ச் 15, விட்டுப்போனது

கொலம்பஸ் அப்பார்ட்மென்ட் என்றால் கையெழுத்துக்கு முன் மின்சாரம் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். சில வளாகங்களில் இடைத்தரகர் நிறுவனம் மொத்தமாக வாங்கி வாடகையாளருக்குப் பிரித்து விற்கும். அங்கே மலிவான மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. முந்தைய குடியிருப்பவரின் ஜனவரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

புதன்கிழமை நண்பகலில் ஊர் முழுக்கச் சங்கு ஊதும். சூறாவளி எச்சரிக்கைச் சோதனை, வாராவாரம் உண்டு. அப்பா அம்மாவிடம் முதல் வாரமே சொல்லிவையுங்கள்.